வேர்த்த கேமரா

என் தங்கச்சி புருஷனுக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் 'சாரல்'. கல்யாணத்தன்று மழை என்றால் மற்ற போட்டோக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இவருக்கு மட்டும் மலரும். "மழையில எடுத்தாத்தான் கலை" என்பார். இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் மழையில் எடுத்த கல்யாணங்களில் பாதிக்கு மாப்பிள்ளை முகமே இல்லை. மீதியில் குடைதான் மாப்பிள்ளை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, இன்று நாலு லாரிக்குச் சொந்தக்காரன். அவரோ போட்டோ பிடிக்கவென்றே இரண்டு வருஷம் படித்தவர். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். அந்தக் கடையில் மங்காமல் தெரிவது அது ஒன்றுதான்.

என் மகள் கல்யாணத்துக்கு அவரை வைத்தது தங்கச்சி மூக்கைச் சிந்தியதால். விடியும்போதே மழை. மகளுக்கு ஒரே ஆசை, கப்பலில் வேலை பார்க்கும் அண்ணனோடு ஒரு படம். அவன் பத்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும். மறுபடி வர இரண்டு வருஷம் ஆகும்.

ஒன்பதரைக்கு இருவரும் வந்து நின்றார்கள். சாரல் அப்போதுதான் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் ஏசி காரில், குளிர்காற்று நேராக அடிக்கும் இடத்தில் கேமராவை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஈரம் படாமல் காப்பாற்றினாராம். வெளியே எடுத்ததும் லென்ஸ் வெளுத்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி வெளுத்தது.

"எல்லாம் இந்த மழையால, மச்சான்."

"மழை வெளியில பெய்யுது மாப்பிள்ளை. நீங்க உள்ளதான நிக்கிறீங்க."

"ரெண்டே நிமிஷம்."

"மாமா, அண்ணனுக்கு வண்டி வந்துடுச்சு" என்றாள் மகள்.

குளிர்ந்த கண்ணாடி வெக்கைக்கு வந்தால் வேர்க்கும். துடைத்துப் பயனில்லை, சூடேற வேண்டும். லாரிக் கிளீனருக்குத் தெரிந்த விஷயம். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறைக்குப் போனேன்.

"மச்சான், அது ரொம்ப நுட்பமான பொருள்..."

"அதான் உங்க கையில தரல."

கண்ணாடி தெளியப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. வாசலுக்கு வந்தால் மகன் காரில் ஏறிவிட்டான். மகள் கல்யாண உடையோடு மழையில் இறங்கி, கார் ஜன்னலுக்குள் தலையை நீட்டியிருந்தாள். கேமராவை அவர் கையில் திணித்தேன். ஒரு தடவை அழுத்தினார். கார் போய்விட்டது.

அந்தப் படம் இப்போது அவர் கடை வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. அந்த நொடிக்காகவே காத்திருந்து எடுத்தேன் என்று வருகிறவர்களிடம் அளக்கிறாராம். மகனும் கப்பலில் தன் படுக்கைக்கு மேலே அதைத்தான் ஒட்டியிருக்கிறான்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. மகள் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டுகிறது, அதைப் பார்த்து அவன் சிரிக்கிறான். முகம் இரண்டும் நான் பெற்றவை. லென்ஸ் நான் காயவைத்தது. ஒரு விரல் மட்டும் அவருடையது.