பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டோம்

இது நடந்தது. கற்பனை செய்யத் தெரிந்திருந்தால் நான் கதாசிரியன் ஆகியிருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் பிடிப்பது மட்டும்தான். பதினொரு வருடம் வானொலி நாடகங்களுக்குப் பேய்ச் சத்தம் தயாரித்தவன் நான். மயானத்தில் கதவு கிறீச்சிட்டால் அது என் வீட்டு நாற்காலி. ஆவி பெருமூச்சு விட்டால் அது சைக்கிள் பம்ப். அதனால் பேய் என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். இனிச் சொல்லப்போகும் அந்த ஆறாவது நாள் வரை அப்படித்தான்.

போரின் இரண்டாம் வருடம் என்னைப் பிடித்து ராணுவத்தின் மனோதத்துவப் பிரிவில் போட்டார்கள். பெயர்தான் பெரிது. இடம், மலைமேல் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் என் கருவிகள். கரும்பலகையில் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன பெருக்கல் வாய்ப்பாடு. ஜன்னலுக்கு வெளியே எட்டு ஒலிபெருக்கிகள் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் எதிரியின் பதுங்குகுழி.

எங்கள் மேஜருக்குப் போரைவிடப் புகைப்படத்தில்தான் ஆர்வம். அவருக்கு வாய்த்த அறிவாளி ஒரு புரொஃபசர். எதிரிகளின் நம்பிக்கைகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அந்த மக்கள் நடுவே மொத்தம் பதினெட்டு நாள் தங்கியிருக்கிறார். அதில் ஏழு நாள் வயிற்றுப்போக்கில் படுத்திருக்கிறார். மீதிப் பதினொரு நாளில் ஒரு இனத்தையே புரிந்துகொண்டுவிட்டார்.

"அவனுங்க மூளை அப்படிங்க மேஜர். இருட்டினப்புறம் செத்தவன் குரல்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, துப்பாக்கியப் போட்டுட்டு ஓடிடுவானுங்க. குழந்தைப் பசங்க!"

எங்களிடம் சிக்கிய ஒரு தபால் பையில் அந்தக் குழியில் இருந்த பன்னிரண்டு பேரின் பெயர்கள் கிடைத்தன. கூப்பிட ஒரு குரலும் கிடைத்தது. கைதியாகப் பிடிபட்ட ஒரு தச்சர். ஐம்பது வயதிருக்கும். எங்கள் மொழியும் பேசுவார். மைக் முன்னால் அவரை உட்கார வைத்து, குரலை எப்படி இழுக்க வேண்டும், எங்கே தேம்ப வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வெட்கமில்லாமல் செய்தேன். நன்றாகவும் செய்தேன்.

தினமும் இரவு 7:10. பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொன்றும் மூன்று முறை. நடுவில் பத்து விநாடி மௌனம்.

முதல் நாள் ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் 7:14. நான்காவது பெயருக்குப் பிறகு ஹெட்போனில் ஒரு சின்னச் சத்தம். ஓடையோரம் நான் புதைத்திருந்த மைக் வழியாக வந்தது. "ம்..." யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல.

மூன்றாம் நாள் பன்னிரண்டு பெயருக்கும் பன்னிரண்டு "ம்..." வந்தது. புரொஃபசர் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா? நடுங்கறானுங்க!"

எனக்கு அது நடுக்கமாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல இருந்தது.

நான்காம் நாள் பதில்கள் ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து வந்தன. தூரத்தைக் காதால் அளப்பது என் தொழில். தப்பாது. பன்னிரண்டு பேர் ஓடையைக் கடந்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர்ச் சத்தம்... இல்லை. ஒரு துளிகூட.

"சரணடைய வர்றானுங்க மேஜர்," என்றார் புரொஃபசர்.

"அந்தச் சரிவு முழுக்க நாம புதைச்ச கண்ணிவெடி இருக்கே சார்?" என்று கேட்டேன்.

"நீங்க சத்தத்தை மட்டும் பாருங்க."

பார்த்தேன். ஐந்தாம் நாள் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே கேட்டது. ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. காவலுக்கு நின்றவன் யாரையும் பார்க்கவில்லை என்றான். அன்று தச்சரைக் கொட்டடிக்குக் கூட்டிப்போகும்போது மெல்லக் கேட்டேன்.

"உங்க ஆளுங்க இதுக்கெல்லாம் நிஜமாவே பயப்படுவாங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

"உயிரோட இருக்கறவன் இதைக் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான் சார். உங்க புரொஃபசர் எங்க ஊருக்கு வந்தப்ப, பசங்க சும்மா கதை விட்டிருக்கானுங்க. அதையும் எழுதி வச்சுக்கிட்டாரு போல."

"அப்ப நிஜம் என்ன?"

"பேர் சொல்லிக் கூப்பிடறது பயமுறுத்த இல்ல. செத்தவங்களுக்கு வழி தெரியாது. மூணு தடவை கூப்பிட்டா, கூப்பிட்ட இடத்துக்கு வந்துடுவாங்க."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

மேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் புரொஃபசரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். "வானொலிக்காரனுக்கே பயத்துல காய்ச்சல் வந்துடுச்சு!" என்றார் புரொஃபசர். எனக்கு அவமானமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு பேரைவிட நான் என்ன ஒசத்தி?

ஆறாம் நாள். மேஜர் சவரம் செய்து, பதக்கங்கள் குத்தி, தயாராக வந்தார். பன்னிரண்டு போர்வை. பன்னிரண்டு சரணடையும் படிவம். ஒரு புகைப்படக்காரர். புரொஃபசர் அவர்கள் மொழியில் ஒரு வரவேற்புரைகூட எழுதி வைத்திருந்தார்.

7:10. தச்சர் ஆரம்பித்தார்.

முதல் பெயர். மூன்று முறை.

பதில் ஹெட்போனில் வரவில்லை. நடைவழியிலிருந்து வந்தது.

புகைப்படக்காரர் காமிராவை உயர்த்தினார்.

இரண்டாவது பெயர். பூட்ஸ் சத்தம்... மெதுவாக... எங்கள் கதவைத் தாண்டி, பக்கத்து வகுப்பறைக்குள் போனது. அங்கே ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்த சத்தம்.

மூன்றாவது. இன்னொரு பெஞ்சு.

நான்காவது...

7:22. பன்னிரண்டாவது பெஞ்சும் கிறீச்சிட்டது.

மேஜர் துப்பாக்கியை உருவிக்கொண்டு போனார். பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். டார்ச் அடித்தார்.

காலி.

பெஞ்சுகள் மட்டும். தூசி கலையாமல்.

நான் கருவியை அணைத்தேன். எட்டு ஒலிபெருக்கியும் செத்தன. அப்போதுதான் அது கேட்டது. அந்தக் காலி அறையிலிருந்து. மெதுவாக. தேம்பலோடு. நான் சொல்லிக்கொடுத்த அதே இழுப்பு.

"எலிக்குட்டீ..."

எனக்குப் புரியவில்லை. மேஜருக்கும் புரியவில்லை.

"எலிக்குட்டீ..."

புரொஃபசரின் கையிலிருந்த வரவேற்புரை கீழே விழுந்தது.

"எலிக்குட்டீ..."

"என்னம்மா?" என்றார் புரொஃபசர்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்து அறையில் பெஞ்சுகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. எல்லோரும் எழுந்ததுபோல.

பிறகு... ஒன்றும் இல்லை. 7:26.

தச்சர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். "இன்னைக்கு அவ்வளவுதானா சார்?"

"அது எங்கம்மா மட்டும் கூப்பிடற பேரு," என்றார் புரொஃபசர், யாரையும் பார்க்காமல். "அவங்க போய் இருபது வருஷம் ஆச்சு."

பேய்க் கதையில் இப்படிப்பட்ட ஆள் செத்துப்போவான். நிஜத்தில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இன்றும் நன்றாக இருக்கிறார். எதிரியின் நம்பிக்கைகளைப் பற்றி ஊர் ஊராக உரையாற்றுகிறார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. காது மந்தம் என்கிறார்.

மறுநாள் காலை 9:15க்கு ஒரு ரோந்துப் படை ஓடையைக் கடந்தது. யாரும் சுடவில்லை. அந்தக் குழியின் கூரை எங்கள் குண்டு விழுந்து இடிந்து கிடந்தது. தோண்டி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. உள்ளே பன்னிரண்டு பேர். செத்துக் குறைந்தது பத்து நாள் என்று ராணுவ மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நாங்கள் முதல் பெயரைக் கூப்பிட்டு அன்று ஏழாவது நாள்.

'ஒலிபரப்பின் மூலம் பன்னிரண்டு எதிரிகள் வீழ்த்தப்பட்டனர்' என்று மேஜர் அறிக்கை அனுப்பினார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அந்த அறிக்கையில் இல்லாத ஒன்றை ரோந்துக்குப் போன சார்ஜன்ட் என்னிடம் தனியாகச் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கரிசல் மண். எங்கள் மலைதான் செம்மண். பத்து நாள் இடிபாட்டுக்கு அடியில் கிடந்த அந்தப் பன்னிரண்டு பேரின் பூட்ஸிலும் செஞ்சேறு அப்பியிருந்ததாம்.

தொட்டுப் பார்த்தாராம்.

ஈரமாக இருந்ததாம்.