சிங்கி ஓட்டுத் தண்ணி

என் ஓரகத்திக்கு வாசனை தெரியாது. பிறவியிலேயே அப்படி இல்லை. ஊரையெல்லாம் வீட்டுக்குள் அடைத்துப்போட்ட அந்தக் காய்ச்சல் அவளையும் பிடித்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது. போகும்போது மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அவள் சமைத்துப் பிழைப்பவள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. மணமேல்குடியில் பெரிய ரோட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு மத்தியானச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். நான் கூடமாட வேலை செய்கிறேன். எனக்குப் பிறந்த ஊர் குளத்தூர்ப் பக்கம். அங்கே மீன் என்றால் கண்மாய் வற்றும்போது பிடிக்கிற கெளுத்தியும் விராலும்தான். கடலையே கல்யாணமாகி வந்த பிறகுதான் பார்த்தேன். ஏழாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனாலோ என்னவோ, எதையும் அடித்துச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் சொல்வது தப்பாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வேன். பயப்படுவதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது. சிலிண்டரை மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். முள் யாருடைய தொண்டையிலாவது சிக்கிவிடுமோ என்று சாப்பிடுகிறவர்களின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"அக்கா, அவரு நிம்மதியா முழுங்கட்டும். இங்கிட்டு வாங்க" என்று ஓரகத்தி வந்து இழுத்துக்கொண்டு போவாள்.

அவள் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ரசம். சிங்கி இறால் ரசம். சிங்கி இறாலைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்கை நீளம்கூட வரும். முதுகெல்லாம் முள், சாட்டை மாதிரி இரண்டு மீசை. முதல் தடவை அதை அடுப்படியில் பார்த்தபோது தேளுக்குப் பெரியப்பா என்று நினைத்து நான் அரிசி மூட்டைமேல் ஏறி நின்றேன். உயிரோடு முழுசாக இருப்பதை ஏற்றுமதிக்கு வாங்குகிறவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். மீசை முறிந்தது, கால் போனது எல்லாம் ஊரிலேயே நிற்கும். அதன் வால் சதையை வறுத்துச் சாப்பிட்ட பிறகு தலையும் ஓடும் காலும் மிஞ்சும். எல்லா வீட்டிலும் அதைத் தென்னைமரத்தடியில் கொட்டிவிடுவார்கள். என் ஓரகத்தி கொட்ட மாட்டாள்.

தலையை இரண்டாகப் பிளப்பாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற மண் பையை எடுத்துவிடுவாள். பஞ்சு மாதிரி இருக்கும் செவுளையும் பிய்த்துப் போட்டுவிடுவாள். மிச்ச ஓட்டைக் கழுவி, அம்மிக் குழவியால் நாலு தட்டு தட்டி, வாயகன்ற இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வறுப்பாள். அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, கொஞ்சம் சோம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஓடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். தளதளவென்று கொதிக்க விடவே மாட்டாள். ஓரத்தில் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே திரளும் நுரையை வழித்துக்கொண்டே இருப்பாள். முக்கால் மணி நேரம் ஆனதும் பழைய வேட்டித் துணியை மூன்றாக மடித்து வடிகட்டுவாள். செங்கல் கரைத்த மாதிரி ஒரு நிறத்தில் சாறு இறங்கும். நாங்கள் அதை ஓட்டுத்தண்ணி என்போம். அதில் புளியும் மிளகும் சேர்த்து ரசம் வைத்தால், மீன் பிடிக்காதவர்கள்கூட இன்னொரு கை சோறு வாங்குவார்கள். குப்பைக்குப் போக வேண்டியதிலிருந்து இப்படி ஒன்றை இறக்க முடியும் என்று யோசித்த அவள் மூளையை நினைத்து எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வாசனை போனது முதலில் அவளுக்கே தெரியவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்த அன்று பாலை அடுப்பில் வைத்திருந்தாள். கருகிய நாற்றம் கொல்லைவரை வர, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் ஓடிவந்தேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இப்பிடி ஓடியாறீங்க?" என்றாள்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாலைப் பார்த்தாள். கையிலிருந்த பூண்டை மூக்கில் வைத்தாள். அதைக் கடித்தும் பார்த்தாள். பால் சட்டியைத் தேய்க்கப் போய்விட்டாள்.

நானாக இருந்தால் அன்றே கடையை மூடியிருப்பேன். கொழுந்தனாரும் அதைத்தான் சொன்னார். "வாசம் தெரியாதவ என்னத்தச் சமைக்கிறது? பேசாம மூடிட்டு வீட்டுல இரு."

"கண்ணு தெரியாதவுக வீட்டுக்குள்ள நடக்கலையா? நானும் தடவித் தடவி நடந்துக்கிறேன்" என்றாள்.

அப்படியே நடந்தாள். ஈர ஓடு சட்டியில் விழுந்ததும் சடசடவென்று கத்தும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் மெலியும். வறுபட்டதும் கரண்டியில் கண்ணாடி வளையல் குலுங்குவதுபோல் ஒலிக்கும். இதையெல்லாம் காதால் பிடித்தாள். உப்பும் புளிப்பும் நாக்கில் அரைகுறையாகத் தெரிந்தன. மிளகு எரிச்சலாகத் தெரிந்தது. ரசத்துக்கு நுரை கூடுவதைக் கண்ணால் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் காதுக்கும் கண்ணுக்கும் அகப்படவில்லை. ஓடு நன்றாக வறுபட்டதற்கும் கருகத் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு சின்ன நேரம் இருக்கிறது. அது மூக்குக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"எனக்கென்ன புள்ள தெரியும்? நான் கடலே பாக்காதவ" என்றேன்.

"மூக்குக்குக் கடல் எதுக்குக்கா? தீஞ்சா தீஞ்சதுன்னு சொல்லுங்க, போதும்."

போதும் என்று அவள் சொன்ன அந்த ஒன்றைத்தான் நான் செய்யவில்லை. முதல் வாரத்திலேயே ஒருநாள் சட்டியிலிருந்து லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவளோ நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நோயில் கிடந்து எழுந்தவளிடம் உன் கை தப்பிவிட்டது என்று எப்படிச் சொல்வது? "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அன்று கடையில் நடந்ததுதான் வேடிக்கை. ரசம் கசந்தது. சாப்பிட்ட ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அவளுக்கு மூக்கு போன கதை ஊருக்கே தெரியுமே. எல்லோரும் பாவம் பார்த்து, "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினார்கள். தினமும் மூன்று தடவை ரசம் கேட்கிற வேன் டிரைவர், "இன்னைக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று மோருக்குப் போய்விட்டார். எல்லோரும் கிளம்பியதும் அவள் ரசக் குண்டாவைத் திறந்தாள். பாதிக்கு மேல் அப்படியே நின்றது.

"அக்கா, ஒங்களுக்குத் தெரிஞ்சிச்சா, தெரியலையா?" என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"தெரிஞ்சிருக்கு." அவள் குரலை உயர்த்தவில்லை. "பொய் சொல்ற மூக்கு எனக்கு எதுக்குக்கா? என்கிட்ட இருக்கிற மூக்கு ஒண்ணும் தெரியலேன்னாலும் பொய் சொல்லாம சும்மா இருக்கு."

அந்தச் சொல் அறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் பந்தியில் அவள் கரண்டியும் கையுமாக நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "எனக்கு வாசம் தெரியாது, ஒங்க எல்லாத்துக்கும் தெரியும். குத்தம் இருந்தாச் சொல்லுங்க. சும்மாவாச்சும் நல்லாருக்குன்னு சொல்றவுக நாளைக்கு வேற கடை பாத்துக்கங்க."

வேன் டிரைவர் சிரித்துக்கொண்டு, "அப்ப நேத்து ரசம் வேப்பங்கசாயம்க்கா" என்றார்.

"இத நேத்தே சொல்றதுக்கு என்னய்யா?" என்று அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். இவ்வளவு பேர் நடுவில் தன் குறையைத் தானே எடுத்து வைக்க எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது.

ஆனாலும் கொழுந்தனாருக்கு மனம் ஆறவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் ஒரு மறுவீட்டு விருந்து வந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருவரங்குளம் பக்கத்திலிருந்து அறுபது பேர் வருகிறார்கள். சிங்கி வறுவலும் ஓட்டு ரசமும் இவள் கையால்தான் வேண்டும் என்று பெண் வீட்டில் கேட்டார்கள். இவள் ஒத்துக்கொண்டாள். கொழுந்தனார் என் முன்னாலேயே சொன்னார்: "இது நல்லபடியா முடிஞ்சா நான் வாயத் தொறக்கல. தப்புச்சுன்னு வையி, மறுநாளே தகரத்தப் பிரிச்சிருவேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து நான் சிலிண்டரை ஆறு தடவை பார்த்தேன்.

விருந்தன்று காலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்று, விருந்துக்கு வாங்கிய சிங்கியில் சதை எடுத்துவிட்டு மிஞ்சிய ஓடு. அது அறுபது பேருக்குக் காணாது என்று வியாபாரியின் ஐஸ் பெட்டியிலிருந்து வெறும் தலைகளாக இன்னொரு கூடை வாங்கியிருந்தாள். பெரிய கூடை அதுதான். அதை முதலில் வறுத்து, தண்ணீர் விட்டு ஏற்றினோம். வறுக்கும்போது ஐஸின் குளிர்ச்சியும் வெங்காயமும் சேர்ந்து எதையும் சரியாகக் காட்டவில்லை. சூடேறியதும் ஆவியில் முதலில் அந்த வழக்கமான இனிப்பு மணம் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. மூக்கின் உள்ளே ஊசி மாதிரி ஏறியது. எங்கள் பிறந்த வீட்டில் மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டகையைக் கூட்டாமல் விட்டால் காலையில் கதவைத் திறந்ததும் கண் கரிக்கும். அந்தக் காரம். தலைகள் கெட்டுப்போயிருக்கின்றன.

சொல்ல வாய் எடுத்துவிட்டு நின்றேன். எனக்குத்தான் எப்போதும் எல்லாமே கெட்டுப்போன மாதிரி தோன்றுமே. இதுவும் அந்தப் பயம்தானா? தப்பாகச் சொல்லி ஒரு குண்டா சாற்றைக் கொட்டவைத்துவிட்டால் விருந்து கெட்டது. சொல்லாமல் விட்டால் அறுபது பேர் வயிறு.

"புள்ள, இது வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் விறகை இழுத்து அடுப்பைக் குறைத்தாள். "பயத்துல சொல்றீங்களா, மூக்கு சொல்லுதா?"

நான் கொல்லைக்குப் போனேன். வேலியோரம் நின்று நல்ல காற்றை இழுத்தேன். திரும்பி வந்து குண்டாவின்மேல் குனிந்தேன். கண் கரித்தது.

"மூக்கு" என்றேன்.

அவள் இன்னொரு வார்த்தை கேட்கவில்லை. பிடிதுணியை எடுத்துக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழியில் சாய்த்தாள். நாய் நக்கக்கூடாது என்று மண்ணையும் தள்ளி மூடினாள். தேங்காய் மூட்டையோடு வந்த கொழுந்தனார் பதறிவிட்டார்.

"ஏய், என்னடி இது? மணி பத்தாச்சு!"

"தலை கெட்டுப்போச்சு. அக்கா சொல்லிருச்சு."

"அண்ணி பூனை குறுக்க போனாலே கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லும்! அத நம்பியா கொட்டுன?"

"அக்கா பயந்து சொல்றதும் எனக்குத் தெரியும், தெரிஞ்சு சொல்றதும் தெரியும். நீங்க விறகு எடுத்தாங்க."

மிச்சம் சின்னக் கூடைதான். வேறு யாராக இருந்தாலும் தண்ணீரை அள்ளி ஊற்றி அறுபது பேருக்கு இழுத்திருப்பார்கள். அவள் இழுக்கவில்லை. சட்டியில் ஓட்டைப் போட்டுக் காதைச் சாய்த்தாள். நான் மூக்கைச் சாய்த்தேன். வளையல் சத்தம் அவளுக்குக் கேட்ட நேரமும், எண்ணெயில் அந்த மணம் எனக்கு ஏறிய நேரமும் ஒன்றாக இருந்தது. இருவரும் ஒரே மூச்சில் "தண்ணி" என்றோம். சாறு வடிந்ததும் அளவைப் பார்த்தாள். "சோத்துக்கு மிளகு ரசம் தனியா வச்சுக்குவம். இது டம்ளர்ல ஆளுக்கு அரை டம்ளர், சோறு போடுறதுக்கு முன்னாடி" என்றாள். யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பந்தியில் டம்ளரைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா, "என்னம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடி காப்பியா? ஒங்க ஊருல இப்பிடியா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

பெண்ணின் தாயார் முகம் சுண்டிப்போனது. சம்பந்தி வாயிலிருந்து குறை வந்துவிட்டதே. என் ஓரகத்தி மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு உப்பு டப்பாவோடு போனாள். "சொன்னீங்க பாருங்க, அதுக்கே ஒங்களுக்கு ரெண்டாவது டம்ளர். இந்தாங்க, இப்பப் பாருங்க."

அவர் கலக்கிக் குடித்தார். "இப்பச் சரி. இது எந்த மீனு?"

"மீனு இல்லங்க. தூக்கிப் போடுற ஓடு."

"ஓடா!" அவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்காரரிடம் நீட்டினார். "இங்க பாருய்யா, ஓட்டுத் தண்ணியக் குடுத்து நம்மள ஏமாத்திருக்காக. இன்னும் இருந்தா ஊத்தும்மா."

சாயங்காலம்வரை யாருக்காவது வயிற்றுவலி வருமோ என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு லோடு ஆட்டோவில் திரும்பினோம். அவள் குண்டாவுக்கும் சட்டிக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுப்புச் சூட்டில் சிவந்த கையை ஊதிக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். கடை வாசலில் வண்டி நின்றதும் இறங்கி, தகரக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்குத் தேங்கா எத்தன வேணும்?" என்று கேட்டார்.

"பத்து" என்றாள் என் ஓரகத்தி. "நல்லா முத்துனதாப் பாத்து எடுங்க. முந்தாநாளு எளசா எடுத்துட்டு வந்துட்டீங்க."