தலைமாட்டில் தட்டுகிறவள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று புதிதாக யாராவது கேட்டால், "ஆள் பிடிக்கிற வேலை" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள் ஆர்லிஸ் நெஸ். வீடு மாற்றும்போது லாரியில் ஏற்றிய சாமான் வழியில் உடைந்துபோனால் லாரிக் கம்பெனி நஷ்ட ஈடு தர வேண்டும், இல்லாவிட்டால் தச்சர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பிச் சரிசெய்து தர வேண்டும். டென்வரிலோ சியாட்டிலிலோ அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். வடக்கு மொன்டானாவில், கனடா எல்லையை ஒட்டி ரயில் பாதை ஓடுகிற அந்தக் கோதுமைச் சீமையில், டயர் தேயத் தேயக் கார் ஓட்டினாலும் ஒருவர் அகப்பட மாட்டார். அந்தச் சீமை முழுவதும் ஆர்லிஸின் பொறுப்பு. ஹாவர் ஊரில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் போனை வைத்துக்கொண்டு, கம்பெனிகளுக்காக ஆள் தேடிக் கொடுப்பாள்.

அவளுக்கென்று ஒரு வழி உண்டு. எந்த ஊரில் ஆள் வேண்டுமோ அந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போன் செய்து, "உங்க பெஞ்செல்லாம் யார் சரிபண்ணிக் குடுத்தது?" என்று கேட்பாள். ஊரே வாராவாரம் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதில் ஏமாற்ற முடியாது என்பது அவள் கணக்கு. பெரும்பாலும் அது பொய்த்ததில்லை. ஒரே ஒரு முறை, யாருமே கிடைக்காமல், வேட்டையாடிய மானின் தலையைப் பாடம் செய்து மாட்டிக் கொடுக்கிறவரை அனுப்பி வைத்தாள். கிழிந்த சோபாவை அவர் தையல் போட்ட இடமே தெரியாமல் தைத்துக் கொடுத்தார். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதன் பிறகு அதில் உட்காரவே மாட்டோம் என்று சொல்லிவிட்டன.

"சோபா அவங்களையே பாக்குதாம்," என்று அவள் கணவன் டர்வினிடம் சொன்னபோது, "கண்ணு ரெண்டு வச்சுக் குடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் காசு கூடக் கேட்டிருக்கலாமே" என்றான் அவன். ரொட்டியை மென்றுகொண்டே எதையும் லேசாக்கிவிடுகிற மனிதன்.

அல்சிட் ப்ரூசாரின் கட்டில் விவகாரம் வந்தது பிப்ரவரியில். அல்சிட் எண்பதைத் தொட்ட மனிதர். லூசியானாவின் சதுப்பு நிலத்தில் பிறந்து வளர்ந்து, மனைவி ஓடிலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ரயில்வேயில் இருக்கிற மகன் ரெமி கூப்பிட்டான் என்று ஆர்லிஸின் சீமைக்குள் இருக்கிற ஹின்ஸ்டேலுக்கு வந்து சேர்ந்தவர். லாரியில் வந்தபோது கட்டிலின் தலைமாட்டுப் பலகை மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டது. அப்பாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து ரெமியே நஷ்ட ஈடு கேட்டு எழுதி, முழு விலைக்கும் காசோலை வாங்கி வங்கியில் போட்டுவிட்டான். அங்கேதான் வந்தது வினை. முழு விலையையும் கம்பெனி கொடுத்துவிட்டால், உடைந்த சாமான் கம்பெனியுடையதாகிவிடும். எடுத்துப்போக வியாழக்கிழமை லாரி வரப்போகிறது என்று தெரிந்தபோதுதான் கிழவருக்கு விஷயமே புரிந்தது. கம்பெனிக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். அங்கே யாரோ இரக்கப்பட்டு, அதற்குள் ஆளை அனுப்பிச் சரிசெய்துவிட்டால் காசோலைப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கட்டிலை விட்டுவிடலாம் என்று சொல்லி, ஆர்லிஸிடம் தள்ளிவிட்டார்கள்.

"பணத்த நீங்களே வச்சுக்குங்கம்மா. கட்டில் மட்டும் இருக்கட்டும்," என்றார் அல்சிட் போனில்.

"உங்க மகன் கையெழுத்துப் போட்டுட்டாரே ஐயா."

"அவனுக்கு என்ன தெரியும்? ரயில் ஓட்டுறவன். சிவப்பு விளக்கு எரிஞ்சா மட்டும்தான் நிப்பான்."

ஆர்லிஸ் சிரித்தாள். அப்போது போனுக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று கேட்டது. கொஞ்சம் விட்டு, இன்னொரு டொக்.

"யாரோ கதவத் தட்டுறாங்க பாருங்க. போய்ட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"கதவு இல்லம்மா," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

நல்ல பகல் நேரம். ஜன்னலுக்கு வெளியே பனியின் மேல் வெயில் கண்ணைக் கூச வைத்தது. இருந்தும் ஆர்லிஸ் ஒரு முறை திரும்பித் தன் பின்கட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டாள்.

தெற்கே பில்லிங்ஸில் இருக்கிற தச்சர், பாதையெல்லாம் பனி, ஏப்ரலுக்கு முன்னால் வடக்கே வர மாட்டேன் என்றார். மொன்டானாவிலேயே இருக்கிற கிளாஸ்கோ ஊரில் ஒருவர் இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஹின்ஸ்டேல் தேவாலயத்தில் கேட்டபோது, பெஞ்செல்லாம் ஹட்டரைட் பண்ணையில் செய்தது என்றார்கள். சொத்தெல்லாம் பொதுவில் வைத்து, ஒரே கூடத்தில் உண்டு, தங்களுக்குள் பழைய ஜெர்மன் பேசி வாழ்கிற கூட்டம் அது. ஊருக்குள் கோழியும் முட்டையும் விற்க வருவார்கள். பண்ணைக்குப் போன் செய்தபோது தச்சர் எலியாஸ் வால்ட்னர் லைனுக்கு வந்தார்.

"உங்ககிட்ட தச்சு வேலைக்குச் சான்றிதழ் ஏதாவது இருக்கா? கம்பெனி கேக்கும்," என்றாள் ஆர்லிஸ்.

"தொட்டில்ல இருந்து சவப்பெட்டி வரைக்கும் இங்க எல்லாமே நான்தான் செய்றேன். இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கொண்டுவரல."

"அதச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்களே."

"அப்ப பண்ணை மேல ஒரு காப்பீடு இருக்கு, அத அனுப்பச் சொல்றேன். நான் வெளிய வேலைக்கு வரணும்னா மேலாளர் சரின்னு சொல்லணும். கூலியும் எனக்கு வேண்டாம், பண்ணைக்குப் போகணும்."

மேலாளர் சம்மதிக்க ஒரு நாள், கம்பெனி சம்மதிக்க இன்னொரு நாள் என்று இழுத்து, புதன்கிழமையில் வந்து நின்றது. மறுநாள் லாரி. புதிய ஆளின் முதல் வேலைக்குத் தானும் கூடப் போவது ஆர்லிஸின் பழக்கம். புதன் விடிந்ததும் ஹின்ஸ்டேலுக்குக் கிளம்பினாள்.

அல்சிட் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வீட்டுக்குள் அடுப்பு மாதிரிச் சூடு. பெட்டிகள் பாதிக்கு மேல் இன்னும் பிரிக்காமல் கிடந்தன. கூடத்துச் சோபாவில் தலையணையும் கம்பளியும் இருந்தன. படுக்கையறையிலோ, கட்டிலின் மேல் போர்வை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்து விரித்திருந்தது. அதில் யாரும் படுப்பதில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு எலியாஸ் மண்டியிட்டுப் பிளவை விரலால் தடவிப் பார்த்தார். தாடி வைத்த, நிதானமான மனிதர். சைப்ரஸ் மரம், ஓடிலின் அப்பா கையால் இழைத்தது என்றார் அல்சிட். அவர் சொல்லி முடிப்பதற்குள், பலகையில் டொக் டொக் என்று கேட்டது. விட்டு, ஒன்று.

ஆர்லிஸுக்குப் புறங்கை சிலிர்த்தது. எலியாஸ் நிமிரக்கூட இல்லை.

"மரம் காயுது. ஈரச் சீமையில வளந்த மரம். எங்க ஊர்க் காத்து எலும்பு வரைக்கும் உறிஞ்சிரும். அதான் வெடிக்குது."

"ரெமியும் இதத்தான் சொன்னான்," என்றார் அல்சிட். அவராகவே தொடர்ந்தார். "கடைசிக் காலத்துல ஓடிலுக்குக் குரல் போயிருச்சு. நான் அடுப்படியில எதையாவது கிளறிக்கிட்டு நிப்பேன். படுத்த வாக்குலயே பலகையில தட்டுவா. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. நான் அங்கருந்தே சுவத்துல தட்டுவேன். இருக்கேன்டின்னு அர்த்தம்."

"இப்பவும் தட்டுவீங்களா?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"இல்லம்மா."

"ஏன்?"

"நான் தட்டி, ஒண்ணும் வரலேன்னா அது வெறும் மரம். வந்துட்டா..." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "வந்துட்டா நான் என்ன செய்யிறது, நீங்களே சொல்லுங்க."

எலியாஸ் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். நான் பசை போட்டு இறுக்கிட்டேன்னா இந்தச் சத்தம் நின்னுரும். பிளவு வாய் திறக்குறதாலதான் சத்தம். அப்புறம் என்னைக் கொற சொல்லக் கூடாது."

கிழவர் ஆர்லிஸிடம் திரும்பிக் கேட்டார்.

"நாளைக்கு லாரியில ஏத்திட்டுப் போனா எங்க கொண்டுபோய் வைப்பாங்க?"

"கிடங்குல ஐயா. அப்புறம் ஏலத்துக்குப் போகும்."

"அங்க யாரு இருப்பா? அவ தட்டினா?"

அவர் தச்சரிடம் திரும்பினார். "ஒட்டுங்க தம்பி," என்றார் அல்சிட்.

எலியாஸ் பலகையைக் கழற்றி இரண்டு நாற்காலிகள் மேல் படுக்க வைத்தார். மெத்தையையும் கட்டில் சட்டத்தையும் போர்வை கலையாமல் அப்படியே சுவரோரமாகத் தள்ளினார்கள். பசையைச் சுடவைத்துப் பிளவுக்குள் இறக்கி, பலகையை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு கிளாம்ப்புகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் மூச்சுப் பிடித்து முறுக்கினார். பிளவு உதட்டை மூடினாற்போல் மூடிக்கொண்டது. பார்க்கவே அழகான வேலை. கம்பெனிக்காக ஆர்லிஸ் படம் எடுத்துக்கொண்டாள். மனதுக்குள், இனி இந்தச் சீமைக்கு ஆள் கிடைத்தாயிற்று என்ற நிம்மதி.

பசை இறுகும்வரை சமையலறையில் உட்கார்ந்தார்கள். அல்சிட் சிக்கரி போட்ட காபி கொடுத்தார். பண்ணையிலிருந்து கொண்டுவந்த பன்னை எலியாஸ் பிட்டு வைத்தார். "இந்தக் காபி குடிச்சா தச்சர் நாலு நாள் தூங்க மாட்டார்" என்றாள் ஆர்லிஸ். "எங்க ஊர்ல இது பச்சப்புள்ளைக்குக் குடுக்கிறது" என்றார் கிழவர். மூவரும் சிரித்தார்கள். காலையிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று அப்போது அடங்கியிருந்தது.

டொக் டொக்.

எலியாஸின் கையில் பன் அப்படியே நின்றது.

டொக்.

அவர் எழுந்து உள்ளே போனார். கிளாம்ப்புகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்டது. எதுவும் தளர்ந்திருக்கவில்லை என்பது, திருகத் திருக இரும்பு முனகியதிலேயே தெரிந்தது.

"மேல கை வச்சிருக்கேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பலகை அசையல."

சொன்ன குரல் அடங்குவதற்குள் மறுபடி தட்டியது. இந்த முறை அவசரமாக, கூப்பிட்டும் வராதவனைக் கூப்பிடுகிற மாதிரி.

அல்சிட் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பயம் இருந்ததா என்று ஆர்லிஸ் பிற்பாடு பலமுறை யோசித்தாள். ரொம்ப நேரம் ஒரு சுமையைத் தூக்கி நின்றவர் இறக்கி வைக்க இடம் பார்த்தது மாதிரிதான் அவளுக்குத் தோன்றியது. சமையலறைச் சுவரருகே போய், விரல் முட்டியால் தட்டினார். இரண்டு. பிறகு ஒன்று.

வீடே காது கொடுத்துக் கேட்டது. பலகையில் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக, அறைக்குள் மெத்தையின் கம்பிச் சுருள்கள் மெல்ல முனகின, யாரோ புரண்டு படுத்ததைப் போல.

எலியாஸ் வெளியே வந்தார். தாடிக்கு மேலே முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பொழுது சாயும் வேளையில் கிளாம்ப்புகளைக் கழற்றிப் பலகையை மாட்டினார்கள். எலியாஸ் கட்டிலின் பக்கம் பார்க்காமலே திருகாணிகளை முடுக்கினார். கம்பெனிப் பெண் போனில் வந்தாள்.

"வேலை முடிஞ்சுதா? மிச்சம் மீதி ஏதாவது குறை இருக்கா மேடம்?"

"ஒண்ணும் இல்ல. நாளைக்கு லாரிய வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் ஆர்லிஸ்.

அல்சிட் வாசல்வரை வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். போகும்போது எலியாஸிடம், "சத்தம் நிக்கலையேன்னு கவலப்படாதீங்க தம்பி, நான் கொற சொல்ல மாட்டேன்," என்றார். உள்ளே திரும்பியவர் சோபாவிலிருந்து தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது ஜன்னல் வழியே தெரிந்தது.

ஆர்லிஸ் காரைக் கிளப்பியபோது எலியாஸ் தன் வேனிலிருந்து இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் திடுக்கிட்டுத்தான் இறக்கினாள்.

"மேஜை, நாற்காலி, அலமாரி, எதுன்னாலும் கூப்பிடுங்க, வரேன். ஆள் படுக்கிற சாமான் மட்டும் எனக்கு வேண்டாம்."

"உள்ள என்னத்தப் பாத்தீங்க?"

அவர் வீட்டைப் பார்த்தார். படுக்கையறையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது.

"அந்தப் போர்வை எப்படி இருந்துச்சுன்னு நீங்களும் பாத்தீங்கல்ல? சுருக்கமே இல்லாம? அவர் சுவத்துல தட்டினாரே, அப்புறம் பாக்குறேன், அது ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு." சொல்லத் தயங்கி, கையால் காற்றில் ஓர் ஓரத்தைக் காட்டினார். "இன்னொரு ஆளுக்கு எடம் விட்ட மாதிரி."

வேன் பனிப்பாதையில் திரும்பி மறைகிறவரை ஆர்லிஸ் காரை நகர்த்தவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டாள், ஆனால் விறைத்த கை சூடாக வெகுநேரம் ஆயிற்று.