கிளறாத பானை

கமாலிக் சந்தைத் தெருவில் என் தேங்காய்க் கடைக்கு நேர் எதிரே தெல்பினாவின் பினாங்கட் கடை. சேம்பிலைகளை அடுக்கி, நடுவில் இறாலும் பன்றிக்கறியும் மிளகாயும் வைத்து, பொட்டலமாகக் கட்டித் தேங்காய்ப்பாலில் வேகவிடுவார்கள். தெல்பினாவின் அம்மா வழியில் எல்லோருக்கும் அதுவே தொழில். அவள் கணவன் அன்செல்மோ ஜீப்னி வண்டி ஓட்டினான். ஆனால் அவன் மனம் ஊன்றிச் செய்த வேலை ஒன்றே ஒன்று, மலையைப் பார்ப்பது.

அந்த மயோன் மலை எங்களுக்கு ஒரு பெண் மாதிரி. பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே இருப்பாள். அவள் கொஞ்சம் முகம் காட்டிவிட்டால் போதும், அன்செல்மோ வண்டியை ஓரங்கட்டிவிடுவான்.

“யோவ் செல்மோ, அவ எங்கயும் ஓடிட மாட்டா. வண்டிய எடுய்யா!” என்று பயணிகள் உள்ளேயிருந்து கத்துவார்கள்.

“இருங்க, இப்பத்தான் முந்தானைய விலக்குறா” என்பான்.

ஒரு வருஷம் புயல் அவர்கள் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மிலான் நகரத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை தெல்பினாவுக்குக் கிடைத்தது. கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். தெருவில் எல்லோருக்கும் நான் பாசிங் மனாய், அதாவது பாசிங் அக்கா.

“செல்மோ பானையப் பாத்துப்பானாடி?” என்று கேட்டேன்.

“பாக்குறதுல அவர மிஞ்ச ஆள் இல்ல, பாசிங் மனாய். அடுப்பு அணைஞ்சாக்கூட பாத்துக்கிட்டேதான் இருப்பாரு” என்று சிரித்தாள். சிரித்த முகத்தோடேயே அழுதாள்.

பாவம், அவன் பயந்துபோனான். பயந்தவன் கை சும்மா இருக்குமா? நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்தான், கிளறினான், மறுபடி திறந்தான். பால் இலைக்குள் இறங்குமுன் கரண்டி பட்டால் சேம்பு வஞ்சம் வைத்துக்கொள்ளும், தின்றவன் தொண்டையை அரித்தெடுக்கும். புனித யோவான் திருவிழாவன்று பாண்டு வாத்தியக்காரர்கள் ஊர்வலத்துக்கு முன் அவன் கடையில்தான் சாப்பிட்டார்கள். சிலுவை தெரு முனையைத் தாண்டுவதற்குள் எக்காளக்காரன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே மற்ற ஊதுகிறவர்களும். அந்த வருஷம் யோவான் வெறும் முரசு சத்தத்தில்தான் ஊரைச் சுற்றினார்.

‘அரிப்புக் கடை’ என்று பெயர் விழுந்தது. ஆளே வரவில்லை.

தெல்பினா போனில் கூப்பிட்டபோது அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

“கிளறினியா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சம்னா?”

“பால் தனியாக் கிடந்துச்சு. மனசு கேக்கல.”

“அடப்பாவி மனுஷா! எங்க அம்மா கட்டிக் காத்த பேர ஒத்தக் கரண்டியில கவுத்துட்டியே! ஊரெல்லாம் உன்ன சோம்பேறிங்குது. அந்த சோம்பேறித்தனம் இப்ப எங்க போச்சு? சும்மா இருய்யா. உனக்கு நல்லா வர்ற ஒரே வேலை அது!”

மறுநாள் பானையை ஏற்றிவிட்டு, ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தான். தீ முணுமுணுவென்று எரிந்தது. எலுமிச்சைப்புல் வாசனையோடு எழுந்த ஆவி கூரை இடுக்கு வழியே மேலே போய் மலையின் மேகத்தோடு சேர்ந்துகொண்டதுபோல் இருந்தது. எது ஆவி, எது மேகம் என்று எனக்கே தெரியவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கை தானாக மெதுவாகிவிட்டது. மத்தியானம் சாய்ந்தது. அவன் அசையவேயில்லை. பானைக்குள் பால் திரண்டு, எண்ணெய் பிரிந்து, இலைக்குள் இறங்கும் மெல்லிய சத்தம் தெருவைத் தாண்டி எனக்குக் கேட்டது. கேட்டதாகத்தான் இன்றும் நினைக்கிறேன்.

முதலில் வந்தவன் எக்காளக்காரன்.

“நீ மொதல்ல தின்னு” என்றான்.

அன்செல்மோ தின்றான். எக்காளக்காரன் அவன் தொண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானும் ஒரு வாய் எடுத்தான். கண்ணை மூடினான். மூடியவன் திறக்கவில்லை.

“என்னய்யா ஆச்சு?” என்று பதறி ஓடினேன்.

“பேசாதீங்க மனாய். உள்ள போய்க்கிட்டிருக்கு” என்றான்.

அதற்குப் பிறகு லெகாஸ்பி நகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

மிலான் கிழவி இறந்த பிறகு தெல்பினா ஒரு மழைநாளில் திரும்பினாள். பெட்டியைக்கூட இறக்காமல் ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தின்றாள். விரலை நக்கிக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

“இதுல என்ன போட்ட?”

“நீ சொன்னதுதான். ஒண்ணும் பண்ணல.”

மறுநாள் அவளே சமைத்தாள். முன்பு போலவே நன்றாகத்தான் இருந்தது. வந்தவர்கள் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். ஒரு பெண் மட்டும், “செல்மோவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டாள். தெல்பினா கரண்டியை வைத்துவிட்டு என் கடைக்குள் வந்து தேங்காய்க் குவியலின் மேல் உட்கார்ந்தாள்.

“அந்தக் கிழவிக்குச் சோறூட்டும்போதெல்லாம் இந்தப் பானையத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், மனாய். வந்து பாத்தா இது என்னைய மறந்துருச்சு.”

ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தேன்.

விடிந்ததும் அன்செல்மோ ஜீப்னி சாவியை எடுத்தான். “பானை உன்னோடது. நான் வண்டிக்குப் போறேன்” என்றான்.

அவள் அவன் கட்டி வைத்திருந்த பொட்டலம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். முடிச்சு அவிழ்ந்து இறால் தரையில் விழுந்தது.

“இதக் கட்டுன்னு சொல்றதா, அள்ளி வச்சதுன்னு சொல்றதா? தள்ளு. கட்டுறது நான். சாவிய அந்த ஆணியில மாட்டிட்டுப் போய் உக்காரு.”

“நல்லா இருக்குன்னு ஒரு தடவ சொல்லேன்.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்.”

இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் பொட்டலமெல்லாம் கட்டி முடித்த பிறகு அவளும் அந்தச் சாக்கில் வந்து அமர்கிறாள். சற்று நேரத்தில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். மணிலா பஸ்ஸுக்கு அவசரமாகப் போகிறவர்கள் வந்து நின்றால் நான்தான் இங்கிருந்து வாயில் விரலை வைத்துக் காட்டுகிறேன். அவர்களும் பைகளைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள். பஸ் போய்விடுகிறது. யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.