எழுபத்தேழாவது தேங்காய்

நான் வேலை பார்த்த தமிழ் நாளிதழில் காயங்கள் இரண்டே வகை: படுகாயம், லேசான காயம். பதினெட்டு ஆண்டுகள் விபத்து, வெட்டுக்குத்து, நீதிமன்றச் செய்திகளை இந்த இரண்டு சொற்களுக்குள் அடைத்து எழுதினேன். நாற்பத்து நான்கு வயதில் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டிலும் சேராத காயம் ஒன்று உண்டு என்று தெரிந்தது. அதில் ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஆள் எழுந்து நடமாடுவார். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வலது காலை ஊன்றும்போது மட்டும் குதிகாலுக்குள் ஆணியை வைத்து அடிப்பது போலிருக்கும். பத்து அடி நடந்தால் குறையும். மறுநாள் அதே ஆணி, அதே இடம்.

மாரத்தானுக்கு மூன்று முறை பெயர் கொடுத்தேன். முதல் முறை, ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இடது முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் முறை முப்பதாவது கிலோமீட்டரில் குதிகால் என்னை நிறுத்தியது. ஆம்புலன்ஸின் பின்கதவு வழியாக மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே திரும்பினேன். மூன்றாம் முறைக்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட் ஸ்கேன் படத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினாள். என் வயதில் பாதி இருக்கும் சீனப் பெண். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை பாதத்தின் அடியில் ஓடும் நார்ப்பட்டை தடித்து நைந்திருந்தது. முப்பத்திரண்டு கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்தை முடித்துவிட்டால் இந்த ஒரு மாரத்தானுக்குத் தாங்கும், அதன்பின் நாற்பத்திரண்டு கிலோமீட்டரை மறந்துவிட வேண்டும் என்றாள். இன்னொரு நிபந்தனையும் வைத்தாள். வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

ஆக, எனக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

என்னோடு ஓடியவர் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கிரேன் ஓட்டுகிற ஓர் அண்ணன். ஐம்பத்திரண்டு வயது, ஆறு மாரத்தான் முடித்தவர். வாரம் மூன்று நாள் விடியும் நேரத்தில் பினாங்கின் கர்னி டிரைவ் சாலையில் சந்தித்து, கடலோரமாகத் தஞ்சோங் பூங்கா என்ற பகுதி வரை ஓடித் திரும்புவோம். வலி அதிகமான நாட்களில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவேன். அண்ணன் பின்னாலிருந்து கத்துவார்:

“ஏய் தங்கச்சி! ஓடறியா, எவனையாச்சும் தொரத்துறியா?”

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. இரண்டு வருட வலி எனக்குள் ஏதோ ஒன்றை வளர்த்து வைத்திருந்தது. தஞ்சோங் பூங்கா வளைவில் ஒரு நாள், கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு கார் பார்க்காமல் சாலைக்கு வந்தது. நான் திடுமென நின்றதில் குதிகால் தரையில் மோதியது. அடுத்த கணம் இரண்டு கைகளையும் முஷ்டியாக்கிக் காரின் பானட்டில் குத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாறு குத்து இருக்கும். உள்ளே ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி பள்ளி ஆசிரியை போலிருந்த ஒரு மலாய்ப் பெண். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. என்னைக் கண்டு ஒருவர் கதவைப் பூட்டியது அதுவே முதல் தடவை.

அண்ணன் அந்தப் பெண்ணிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு என் விரல் முட்டிகளைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

“கால் வலிக்குதுன்னு கைய ஒடைச்சுக்குவியா? நல்ல திட்டம்லா.”

அவர்தான் என்னை ஆயர் ஈத்தாமில் ஓர் அக்காவிடம் அனுப்பினார். அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. பிள்ளை பெற்ற பெண்களுக்கு உருவிவிடுவது அந்த அக்காவின் தொழில். என் பாதத்தை மடியில் வைத்துக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். பிறகு முழங்கையை இறக்கினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“பிள்ள பெத்தவளுங்களே இந்தக் கத்து கத்தல. நீ என்னாத்த பெத்த?”

“மெதுவா அக்கா!”

“மெதுவா வேணும்னா பூனைய கூப்பிட்டு நக்கச் சொல்லு.”

இன்னொரு முறை அழுத்தியபோது என் இடது கால் தானாக எழுந்து அவர் தோளில் உதைத்தது. அக்கா ஆடவில்லை. என் கெண்டைக்காலில் பளாரென்று ஓர் அறை விட்டார். “ஒதைக்கிறதெல்லாம் ஒன் வூட்டுக்காரர்கிட்ட வச்சுக்க. இங்க நான்தான் அடிப்பேன்.” நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். “திட்டு, திட்டு, நரம்பு எளகுது” என்று சிரித்தார். அந்தப் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான், முப்பத்திரண்டு கிலோமீட்டரை ஓடி முடித்தால் தைப்பூச ரதத்துக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்று முருகனிடம் சத்தமாகச் சொன்னேன். “நான் சாட்சி” என்றார் அக்கா.

ஐந்து வாரம் அவரிடம் அடி வாங்கினேன். ஆணியின் கூர் மழுங்கியது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டையும் ஓடி முடித்தேன். கடைசி கிலோமீட்டரில் அண்ணன் என்னைவிடப் பின்தங்கினார். மாரத்தானுக்கு நான்கு வாரம் இருந்தது. தைப்பூசத்துக்கு ஒரு வாரம்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரதம் ஊருக்குள்ளிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயில் நோக்கி ஊர்ந்து செல்லும். வழி நெடுகக் குடும்பங்களும் கடைக்காரர்களும் சாலையில் தேங்காய்களைக் குன்றாகக் குவித்துக் காத்திருப்பார்கள். ரதம் நெருங்கும்போது அத்தனையும் உடைபடும். உடைத்த காயைத் தள்ளிக் குவிக்க மண்வாரி இயந்திரம் வரும். அதன்பின் ரதம் நகரும். பினாங்கில் பிறந்த எனக்கு அது வருடா வருடம் பார்த்த காட்சி. வேண்டுதல் உள்ளவர் அதைத் தன் கையால், செருப்பில்லாமல் செய்ய வேண்டும் என்பதும் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது. யாரும் தனியாகச் சொல்லித் தந்ததில்லை.

அண்ணன் தன் லாரிக்கார நண்பரிடம் சொல்லிக் காய்களை இறக்கித் தந்தார். இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“நான் ஒடைக்கிறேன்லா தங்கச்சி. சாமி என்ன ஐசி கார்டுல பேரு பாத்தா காய் வாங்குது?”

“நான் வேண்டிக்கிட்டது அண்ணே.”

“அப்ப சிலிப்பராச்சும் போட்டுக்க. அந்த டாக்டர் பொண்ணு என்ன சொல்லிச்சு?”

“சிலிப்பர் போட்டுக்கிட்டு யாராச்சும் காய் ஒடைப்பாங்களா?”

அவர் திரும்பி அடுத்த மூட்டையை இறக்கினார். அவரும் பினாங்குக்காரர்தான்.

டத்தோ கிராமாட் சாலையில் ரதம் எங்களை நெருங்கியபோது காலை பத்து மணி இருக்கும். குவியலின் உச்சியில் கற்பூரம் எரிந்து அணைந்தது. என் இருபுறமும் இளைஞர்கள். ஒருவன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டிருந்தான். யாரோ கையைக் காட்ட, எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். தேங்காய் உடைவது அருகில் நின்று கேட்டால் மங்கலச் சத்தம் இல்லை. எலும்பு உடைகிற சத்தம். சில்லுகள் முழங்காலுக்கும் முகத்துக்கும் பறந்தன. இருபதாவது காயில் என் கணுக்காலில் ரத்தம் வழிந்தது. பாதத்தடியில் சூடான தார், அதன் மேல் வழுக்கும் தேங்காய்த் தண்ணீர், அதற்குள் கூரான ஓட்டுத் துண்டுகள். அண்ணன் காயை எடுத்து எடுத்துக் கையில் கொடுத்து, உரக்க எண்ணினார்.

நாற்பதுக்கு மேல் எனக்குக் கை பழகியது. தலைக்கு மேலே தூக்கி, வலது கால் விரல்களில் எழும்பி, உடம்பு முழுவதையும் கீழே போட வேண்டும். எழும்புவது வலது கால்தான் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸின் பின்கதவு ஞாபகம் வந்தது. அதை உடைத்தேன். முழங்காலை உடைத்தேன். ஸ்கேன் படத்தை உடைத்தேன். அது பக்தி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நன்றாக இருந்தது.

எழுபத்தேழாவது காயை ஓங்கியபோது பாதத்துக்குள் ‘டப்’ என்றது. தடித்த ரப்பர் பட்டை அறுந்தது போல. காய் கையிலிருந்து நழுவி உடையாமல் உருண்டது. நான் ஒரு காலில் நின்றேன்.

“என்னா? என்னா ஆச்சு?” என்றார் அண்ணன்.

“கால்.”

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “போதும். நிறுத்து. மீதிய நான் ஒடைக்கிறேன். நீ போய் ஒக்காரு. இன்னும் மூணு வாரம் இருக்குலா, சரி பண்ணிடலாம். இப்ப அந்தக் கால கீழ வைக்காத.”

சரியான பேச்சு. நான் உருண்ட காயை எடுத்தேன். வலது காலை ஊன்றினேன். வேண்டுமென்றே, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு விரல்களில் எழும்பி எறிந்தேன். காய் பொடியானது. இரண்டு வருடம் என்னைத் தினமும் காலையில் அடித்த காலை நான் திருப்பி அடித்தேன். அடுத்த காயைக் குவியலிலிருந்து நானே எடுத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். முழங்கையால் அவர் நெஞ்சில் இடித்தேன். அவர் தேங்காய்த் தண்ணீரில் வழுக்கிச் சில்லுகளின் மேல் கை ஊன்றி விழுந்தார். எழுந்தபோது உள்ளங்கை கிழிந்திருந்தது. அதன் பிறகு அவர் எண்ணவில்லை. நான் எண்ணினேன். தொண்ணூற்றொன்றில் இன்னொரு முறை அறுந்தது. அதற்குப் பிறகு அந்தக் காலில் வலியே இல்லை. நூற்றெட்டு வரை தடை இல்லாமல் போனது.

மண்வாரி வந்தது. என்னை இரண்டு பெண்கள் தூக்கி நடைபாதையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி என் கண்ணீரைப் பார்த்துவிட்டுத் திருநீறு பூசினாள்.

இரண்டு நாள் கழித்துப் பிசியோதெரபிஸ்ட் புதிய ஸ்கேனைப் பார்த்தாள். முதல் சத்தத்தில் பட்டை ஓரளவுதான் கிழிந்திருக்கும், அதோடு நிறுத்தியிருந்தால் கட்டுப் போட்டு முயன்று பார்த்திருக்கலாம், இப்போது முழுவதும் அறுந்துவிட்டது என்றாள். மாரத்தான் என்ற சொல்லை அவள் உச்சரிக்கவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று மட்டும் கேட்டாள். நேர்த்திக்கடன், பாதியில் விடக் கூடாது என்றேன். மத விஷயம் என்றதும் தலையாட்டிவிட்டு மேலே கேட்காமல் எழுதத் தொடங்கினாள். இந்த ஊரில் அது மரியாதை.

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். உள்ளங்கையில் ஏழு தையல், கிரேனில் ஏற ஒரு வாரம் விடமாட்டார்கள், ஆனால் ஓடுவதற்குக் கை எதற்கு என்றார். அந்த டாக்டர் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன்.



“சாமி மேல பழியப் போடாத தங்கச்சி,” என்றார். “நான் பக்கத்துலதான நின்னேன்.”