திரையில்லாத கேமரா

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் ‘இன்னொண்ணு’ என்று பெயர். விபத்தில் நசுங்கிய வண்டிகளைக் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் படம் எடுப்பது அவர் வேலை. ஒரு படம் எடுப்பார், குனிந்து கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், "இன்னொண்ணு" என்பார். வீட்டு விசேஷத்திலும் இதே கூத்துதான். சாப்பாடு ஆறி அவலாகும், மனுஷன் அசையமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

வீட்டுக்கென்று அவர் ஆசையாக வாங்கியது ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. ஓரத்தில் சின்ன ஜன்னல் தனியாக இருக்கும். அதில் இரட்டையாகத் தெரியும் முகத்தை, லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மாமாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

நோய் முற்றி, முடியெல்லாம் கொட்டிய பிறகு அக்கா படத்துக்கு உட்கார மறுத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை என்று மாமா நாயாய்ப் பேயாய்க் கெஞ்சினார். கடைசியில் இறங்கி வந்தாள்.

"எடுத்துக்கோங்க. ஆனா எடுத்ததும் குனிஞ்சு பார்த்து உதட்டைப் பிதுக்கக் கூடாது. நான் இருக்கிறவரைக்கும் இந்த மூஞ்சிய யாரும் படத்துல பார்க்கக் கூடாது."

அப்படியென்றால் ஃபிலிம்தான். பழைய கேமரா விற்கும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று எஸ்.எல்.ஆர். இன்னொன்று, மாமாவின் லென்ஸே பொருந்தும் ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர். அதற்குப் பேட்டரிகூடக் கிடையாது.

"ஃபிலிமுக்குப் புதுசுன்னா எஸ்.எல்.ஆர். எடுங்க சார். லென்ஸ் என்ன பார்க்குதோ அதையேதான் நீங்களும் பார்ப்பீங்க. ஏமாற வழியில்ல."

"என் கைக்குப் பழகினது இதுதான். அவளை எடுக்கறப்போ நான் கேமராவோட மல்லுக்கட்ட முடியாது."

எனக்கும் அது சரியென்றே பட்டது.

மறுநாள் மாலை, கீறல் விழாமலிருக்க லென்ஸுக்கு மூடி போட்டு, டிஜிட்டலிலிருந்து கழற்றி, புதிதாக வாங்கியதில் மாட்டினார். நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து அக்காவின் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

"எதுக்குச் சிரிக்கிற?"

"சும்மாதான். நீங்க எடுங்க."

"சரி, இன்னொண்ணு."

மறுபடி சிரித்தாள். ஃபிலிம் தீரும்வரை சிரித்துக்கொண்டேயிருந்தாள்.

அக்கா இறந்து வெகுநாள் கழித்துத்தான் மாமா அந்த ஃபிலிமைக் கழுவக் கொடுத்தார். வாங்க நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதில் ஒரு உருவமும் இல்லை.

"கழுவினதுல தப்பில்ல சார். ஓரத்து நம்பரெல்லாம் பளிச்சுன்னு விழுந்திருக்கு பாருங்க. உள்ள வெளிச்சமே போகல. லென்ஸ் மூடியைக் கழட்டினீங்களா?"

டிஜிட்டலாக இருந்திருந்தால் முதல் படத்திலேயே திரை கறுப்பாகிக் காட்டிக்கொடுத்திருக்கும். மாமா கடை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை சரின்னா. அதையும் கெடுத்துட்டேனே, மாப்ளே."

ஃபிலிமைக் கழுவும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"அக்காவுக்குத் தெரியும் மாமா. எதிர்ல உட்கார்ந்திருந்தவளுக்கு மூடி தெரியாதா? சொன்னா நீங்க கழட்டிடுவீங்கன்னுதான் சொல்லல. 'இந்த மூஞ்சி படத்துல வேணாம்டா. ஆனா இன்னிக்குத்தான் அவர் ஒருதடவைகூடக் குனியாம என்னையே பார்த்துக்கிட்டிருந்தார், அது போதும்'னு சொன்னா."

மாமா ஃபிலிமைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"அதான் அப்படிச் சிரிச்சாளா? அந்த ஜன்னல்ல அவ மூஞ்சிய ஒண்ணாச் சேர்க்கவே விடல, மாப்ளே. சேர்க்கறதுக்குள்ள சிரிச்சு ஆடிடுவா. நானும் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு..."

அக்காவை எடுத்துப்போன அன்றுகூட அழாத மனுஷன், கடை வாசலில் வாய்விட்டு அழுதார்.