ரைனா கட்டிய கயிறு

புத்தாண்டு வாரம் வந்துவிட்டால் பிரின் மலையடிவாரத்து அந்த ஊரில் கால் வைக்க இடமிருக்காது. தலைநகர் சோஃபியாவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி வந்ததுபோல் இருக்கும். கேபிள் வண்டிக்கு நிற்கும் வரிசை ரொட்டிக்கடையைத் தாண்டிப் பாலம்வரை போகும்.

போன வருடம் இதே வாரத்தில்தான் ரைனாவின் கால் உடைந்தது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவில் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவள் அவள். மேலிருந்து வேகமாக வருகிறவர்கள் சுற்றுவழியில் போகப் பொறுமையில்லாமல், அந்தச் சரிவுக்குள் புகுந்து, மறுபடி மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்குப் பாய்வார்கள். அப்படிப் பாய்ந்து வந்த ஒருவனிடமிருந்து ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றினாள். தான் விலக நேரமில்லை. கோடை முடியும்வரை ஊன்றுகோலோடுதான் நடந்தாள்.

பூட்ஸ் வாடகைக்கு விடும் தங்கள் கடையிலேயே உட்கார்ந்துகொள்ளும்படி கணவன் இலியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். உட்காரவும் செய்தாள், முதல் பனி விழும்வரை. விழுந்த மறுநாள் பயிற்சியாளரின் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டாள். புத்தாண்டுக் கூட்டம் வரத் தொடங்கியதும், சரிவுகளுக்குப் பொறுப்பாளரான மெத்தோதியைப் பார்க்கப் போனாள். குறுக்குவழியை அடைக்கச் சொன்னாள்.

"அடைச்சா எல்லாரும் சுத்தி வரணும், என் தலையத்தான் உருட்டுவாங்க. இந்தக் கூட்டம் குறையட்டும்மா, அப்புறம் பாக்கலாம்."

"கூட்டம் குறைஞ்சப்புறம் எதுக்குண்ணே அடைக்கணும்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை கடையில் பூட்ஸ் எடுக்க வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் அவள் பிடித்து நிறுத்திப் பேசினாள். "இன்னைக்கே போட்டுப் பாத்து எடுத்துட்டுப் போயிருங்க. காலையில வந்தா பாதி நாள் இங்கயே போயிரும். லிஃப்ட் தெறக்கும்போதே வந்து நில்லுங்க. எல்லாரும் சாப்பிடப் போறதுக்கு முன்னாடியே நீங்க சாப்பிட்டு முடிச்சிருங்க, அவங்க சூப்புக்கு வரிசையில நிக்கிற நேரத்துல மலை உங்களுக்குத்தான். பிள்ளைங்க பையில உங்க நம்பர எழுதிப் போடுங்க." இலியா சிரித்தான். வாடகை வாங்கும் நேரத்தைவிட அவள் பேசும் நேரம்தான் அதிகம் என்றான்.

மறுநாள் விடிந்ததும் கொட்டகையிலிருந்த வைக்கோல் கட்டும் கயிற்றையும் நாலைந்து கழிகளையும் தோளில் போட்டுக்கொண்டு மேலே போனாள். குறுக்குவழியின் வாயில் கழிகளை நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். கண்ணில் படுவதற்காகத் தன் சிவப்புக் கழுத்துத்துணியை நடுவில் முடிந்தாள். பிறகு கயிற்றுக்குக் கீழ்ப்பக்கச் சரிவில் குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பாடத்தைத் தொடங்கினாள். பின்னால் சறுக்குப் பலகை உரசும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டாள்.

திட்டாதவர்கள் குறைவு. விலையுயர்ந்த கண்ணாடி மாட்டிய ஒருவர் கயிற்றைத் தூக்கப் பார்த்தார்.

"யாரும்மா நீ? மலை என்ன உங்கப்பன் சொத்தா?"

"மலை இல்லைங்க, கால் என்னோடது. போன வருஷம் இதே எடத்துல ஒருத்தர் ஒடைச்சிட்டுப் போனாரு. நீங்க அந்தப் பக்கமா சுத்திப் போங்க."

அவர் சுற்றிப் போகவில்லை, மெத்தோதியை வரவழைத்தார். மெத்தோதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மேலிருந்து இரண்டு பேர் காற்றாய் வந்தார்கள். சிவப்புத் துணியைப் பார்த்ததும் முன்னால் வந்தவன் சட்டென்று திரும்பி நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் சறுக்கிப் புரண்டு, கயிற்றுக்கு ஒரு முழம் முன்னாலேயே முகங்குப்புறக் கிடந்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆறேழு குழந்தைகள் வாயைப் பிளந்து நின்றன.

கண்ணாடிக்காரர் விழுந்தவனைத் தூக்கிவிடப் போனார். மெத்தோதி ரேடியோவை எடுத்து, கிடங்கிலிருக்கும் ஆரஞ்சுத் தடுப்பு வலையை உடனே கொண்டுவரச் சொன்னார்.

"நானே போடணும்னுதான் இருந்தேன்," என்றார் ரைனாவிடம்.

"தெரியும்ண்ணே," என்றாள் அவள். வலை வந்து சேரும்வரை கயிற்றை அவிழ்க்கவில்லை.

அந்த வாரம் லிஃப்ட் வரிசை நீண்டுதான் போனது, முணுமுணுப்பும் குறையவில்லை. ஆனால் சின்னச் சரிவுக்கு ஒரு முறைகூட ஸ்ட்ரெச்சர் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் ஒரு தாய், அடுத்த வருடமும் இங்கே நிற்பீர்களா என்று கேட்டாள்.

"வேற எங்க போவேன்? பிள்ளைய சேக்கணும்னா நவம்பர்ல சொல்லிக்கலாம்னு நெனைக்காதீங்க, அதுக்கும் முன்னாடியே சொல்லுங்க. எடம் தீந்துரும்," என்று சொல்லிவிட்டு, கையுறையைத் தொலைத்துவிட்டு நின்ற ஒரு பையனை நோக்கிப் போனாள் ரைனா.